விசிலைப் பாருங்க

மார்ச் 3

பாசமுள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் ஒருவழியாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்றாய். கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அண்ணன் சட்டைப் பையில். நான் உன்னோடு பேசினாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்வார். அவர் காதில் விழாமல் ஒன்று கேட்க வேண்டும். அதனால்தான் லாண்டரியில் இஸ்திரி மேஜையிலேயே வைத்து இதை எழுதுகிறேன். பதிலையும் லாண்டரி முகவரிக்கே போடு.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பெருங்குடலில் வலது பக்கம் பாதியை எடுத்துவிட்டார்கள். அவர் வண்டிக் கண்டக்டரை, எல்லோரும் விசில் என்று கூப்பிடுவார்களே, உனக்குத் தெரியும், பதினைந்து வருஷமாக ஒரே பஸ், ஒரே ஷிப்ட். போன வருஷம் அவனுக்கும் இதே குடல், இதே புற்றுநோய், இதே டாக்டர்தான். அவனுக்கு இடது பக்கம். கீமோ ஊசியெல்லாம் முடிந்து போன மாதம் வேலைக்கே திரும்பிவிட்டான். அவனைப் பார்த்துத்தான் நான் உன் அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். ஆறு மாதமாக ‘அசதி, அசதி’ என்று இரும்புச் சத்து மாத்திரையை முழுங்கிக்கொண்டிருந்தவர் வேறு எப்படிப் போவார்?

உன் அண்ணனுக்கு இதிலும் கிண்டல். “அவன் இடது பக்கப் படிக்கட்டுல நின்னான், அவனுக்கு இடது பக்கம். நான் வலது பக்க டிரைவர் சீட்டுல உக்காந்தேன், எனக்கு வலது. டிப்போ ஒழுங்காத்தான் பிரிச்சுக் கொடுத்திருக்கு” என்கிறார். சிரித்தால் தையல் இழுக்கிறது, ஆனாலும் வாயை மூட மாட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெட்டி எடுத்த சதையைச் சோதித்த ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்து, “எல்லாம் சரியா இருக்காம், ஊசி போடணுமாம், அவ்வளவுதான்” என்றார். அந்த மூஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை. ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கிறது. அதில் ஒரு வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இங்கே பில் போடும் பெண் படித்துவிட்டு, “ஏதோ மோதிரம்னு வருதுக்கா” என்று சிரித்தாள். குடலுக்குள் ஏது மோதிரம்? நீ அந்த வேலையில்தானே இருக்கிறாய், கேட்டு எழுது.

உன் அண்ணி


மார்ச் 19

அன்பு அண்ணிக்கு,

உங்கள் பாப்பா எழுதுவது. நான் நலம். கழுத்தை மூடிக்கொண்டுதான் போகிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இஸ்திரி மேஜைக்கு முன் நாள் முழுக்க நிற்கிறீர்கள், கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

என் வேலையைப் பற்றி நீங்கள் பெரிதாக நினைத்திருக்கிறீர்கள். ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெஷினில் மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்திச் சாயம் ஏற்றுவதுதான் என் வேலை. அதைப் பார்த்து இன்னது என்று சொல்வது டாக்டர்கள்.

ஆனாலும் வலது, இடது பற்றிக் கேட்டு வைத்திருக்கிறேன். வலது பக்கக் குடல் அகலமாக இருக்கும். அங்கே எல்லாம் கூழாகத்தான் ஓடும். அதனால் கட்டி எவ்வளவு வளர்ந்தாலும் எதையும் அடைக்காது, சத்தம் காட்டாது. உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து ஆள் வெளுத்துப் போவதுதான் அடையாளம். அண்ணனுடைய அசதி அதுதான். இடது பக்கம் குறுகல், அங்கே எல்லாம் கெட்டிப்பட்டுவிடும். சின்னக் கட்டியே அடைக்கும், ரத்தம் கண்ணில் படும். விசில் அண்ணன் பயந்து ஓடியது அதனால்தான், அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அண்ணன் அசட்டையாக இருந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்த இடம் அப்படி.

ஊசி போட்ட வாரம் குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதீர்கள். விரல் மரத்துப் போகிறதா என்று கேட்டுப் பாருங்கள், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். வெளியில் வாங்கி எதுவும் கொடுக்க வேண்டாம்.

அண்ணனிடம் நான் போனில் பேசுகிறேன். நீங்கள் தூங்குங்கள்.

உங்கள் பாப்பா


ஏப்ரல் 8

பாசமுள்ள பாப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உன் அண்ணன் நலமாக இருக்கலாம், அவருக்குத்தான் மனசில்லை. உனக்கு வேலை அதிகம் என்று குரலிலேயே தெரிகிறது. நேரத்துக்குத் தூங்கு.

வலது, இடது எல்லாம் நன்றாகப் புரிந்தது. பில் போடும் பெண்ணுக்கும் சொன்னேன். ஆனால் சீட்டில் இருந்த வார்த்தையைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே? சீட்டு விழுந்துவிட்டதோ என்று இன்னொன்று எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்று ஊசி ஆகிவிட்டது. விசிலுக்கு மூன்றாவது ஊசியிலேயே பசி திரும்பியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே, பார்க்கப் போன என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான். இவர் தட்டைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். நான் சும்மா இருப்பேனா? “விசிலைப் பாருங்க! அவன் மனசை விட்டானா? எழுந்தான், நடந்தான், வேலைக்குப் போயிட்டான். நீங்க படுத்தே கிடந்தா நோய் எப்படிப் போகும்? ஆம்பளையா லட்சணமா எழுந்து உக்காருங்க” என்று ஒரு பிடி பிடித்தேன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து பாதிக் கஞ்சி குடித்தார்.

எங்கள் வீட்டில் பிள்ளைச் சத்தம் இல்லை, அதனால் என் சத்தம்தான் எப்போதும். டிப்போவில் எல்லோரும் என் கட்சி. “அக்கா விடாதீங்க, திட்டித் திட்டியே எழுப்பிடுங்க” என்கிறார்கள். ஒரே பஸ், ஒரே தண்ணீர், ஒரே டீக்கடை, ஒரே நோய். முன்னால் போன வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது, பின்னால் வருகிற வண்டிக்கு என்ன கேடு?

நீயும் போனில் நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொல். நீ சொன்னால் கேட்பார்.

அண்ணி


ஏப்ரல் 26

பாப்பா,

அண்ணன். ஆச்சரியமாக இருக்கும், எனக்கே ஆச்சரியம்தான். டூட்டி ரிப்போர்ட் தவிர நான் எழுதிய முதல் கடிதம் இது. நீ நலமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்கு எழுதத் தேவையில்லை.

விசில் கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். நீயும் டிப்போவுக்கே, அவன் பெயருக்கே பதில் போடு. அவனுக்கு விவரம் தெரியாது, கேட்கவும் மாட்டான். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கடன் வாங்கியவன் மாதிரி வாசலிலேயே நிற்கிறான், பாவம்.

நேற்று உன் அண்ணி ஒரு பேச்சோடு பேச்சாக, “பாப்பா எல்லாத்துக்கும் பதில் எழுதறா, அந்த மோதிரத்துக்கு மட்டும் எழுத மாட்டேங்கிறா, மறந்துட்டா போல” என்றாள். நீ மறக்கிற ஆள் இல்லை. சின்ன வயதில் நான் தருவதாகச் சொன்ன பென்சிலை மூன்று வருஷம் கழித்துக் கேட்டு வாங்கியவள் நீ. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

டாக்டர் என்னிடம் சொன்னார். முழுசாகச் சொல்லவில்லை. இந்த வகை கொஞ்சம் முரடு, இடமும் சரியில்லை, பார்ப்போம் என்றார். ‘பார்ப்போம்’ என்று சொல்கிற மெக்கானிக்கிடம் விட்ட வண்டி எந்த லட்சணத்தில் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா? நீ முழுசாகச் சொல். சுற்றி வளைக்காதே.

உன் அண்ணியிடம் மட்டும் சொல்லாதே. காரணம் இருக்கிறது. அவள் காலையில் எழுந்ததும் என்னைத் திட்டுகிறாள். சோம்பேறி, மனசில்லாதவன், விசிலைப் பாருங்க. கேட்கச் சுகமாகவா இருக்கிறது? இல்லை. ஆனால் நான் பிழைப்பேன் என்று நினைக்கிறவள்தானே திட்டுவாள்? ஆஸ்பத்திரியில் என் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் வீட்டு ஆட்கள் அவரிடம் அவ்வளவு பதமாகப் பேசினார்கள். அந்தப் பதத்தைக் கேட்டுத்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. எனக்கு அந்தப் பதம் வேண்டாம் பாப்பா. திட்டு நிற்கிற அன்றைக்கு இந்த வீட்டில் நான் நோயாளி ஆகிவிடுவேன்.

உன் அண்ணன்


மே 20

அண்ணா,

நான் நலம். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன், அதனால்தான் இவ்வளவு தாமதம். விரல் மரத்துப் போவது அதிகமாகிவிட்டதா? போனில் கேட்டால் இல்லை என்கிறாய்.

எங்கள் பெரிய டாக்டரிடம் கேட்டேன். தெரிந்த ஒருவருக்கு என்றேன். அண்ணனுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

விசில் அண்ணனுக்கு வந்தது சாதாரணச் சுரப்பி வகை. பெரும்பாலானவர்களுக்கு வருவது அதுதான். கண்ணாடியில் பார்த்தால் செல்கள் வட்டம் வட்டமாக, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இருக்கும். கெட்டதுதான், ஆனாலும் கூட்டமாக ஓர் இடத்தில் இருக்கும். வெட்டினால் கூட்டத்தோடு வரும், மருந்துக்கும் பணியும். உனக்கு வந்திருப்பதில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சளி மாதிரி ஒன்று நிறைந்து, நடுவில் இருக்க வேண்டிய உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. பார்க்கக் கல் வைத்த மோதிரம் மாதிரி இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். இந்தச் செல்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாது. தனித்தனியாகக் கழன்று வயிற்றின் உள்சவ்வு முழுக்கப் போய் உட்கார்ந்துவிடும். ஸ்கேனில்கூட முதலில் தெரியாது. மருந்தும் அவ்வளவாகக் கேட்காது. இது வலது பக்கத்தில்தான் அதிகம் வருமாம். வலது பக்கம் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதம். இரண்டும் சேர்ந்துவிட்டது.

விசில் அண்ணன் மாதிரி நெறிக்கட்டி வரைக்கும் போனவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். அதே அளவு பரவியிருந்தாலும் உன் வகையில் அந்தக் கணக்கு பாதிக்கு நன்றாகக் கீழே. “கணக்கு கூட்டத்துக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை” என்று டாக்டர் கடைசியில் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். நீயும் பிடித்துக்கொள்.

இத்தனை வருஷம் எத்தனையோ பேருடைய மோதிரச் செல்களை நான் சீவி, சாயம் ஏற்றி, அழகாக வந்திருக்கிறது என்று தட்டில் அடுக்கியிருக்கிறேன். சாயம் நன்றாகப் பிடித்தால் சந்தோஷப்படுவேன். இப்போது அந்தத் தட்டை வேறு ஒருவரை அடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. உனக்கு மனசில்லை என்று அண்ணி சொல்வது. இதில் மனசுக்கு வேலையே இல்லை அண்ணா. நீ எழுந்து நடந்தாலும் படுத்துக் கிடந்தாலும் அந்தச் செல்லுக்குத் தெரியாது. அதை அண்ணிக்குச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. லீவு போட்டு உடனே வரட்டுமா?

பாப்பா


ஜூன் 8

பாப்பா,

கடிதம் கிடைத்தது. விசில் அதைச் சட்டைக்குள் வைத்து, குழந்தையைத் தூக்கி வருவது போல எடுத்து வந்தான். படித்தேன். முழுசாகச் சொன்னாய், அதற்கு நன்றி. அன்று மட்டும் கொஞ்ச நேரம் பாத்ரூமில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து அவள், “உள்ளேயே குடித்தனம் பண்றீங்களா?” என்று கதவைத் தட்டினாள். எழுந்து வந்துவிட்டேன்.

வராதே. வருஷத்துக்கு ஒரு தடவை லீவு கொடுக்கிறவர்கள் நடுவில் உன்னை அனுப்பினால் எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? நீ வாசலில் வந்து நின்றாலே அவளுக்குப் பதில் கிடைத்துவிடும். நான் வேலைக்குத் திரும்பும்போது வா, முதல் ட்ரிப்பில் முன் சீட்டு உனக்கு என்று போனில் சொல்லியிருக்கிறேன் இல்லையா, அவள் அதை டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

மனசில்லை என்று அவள் சொல்வது எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செல்லுக்கு எதுவும் தெரியாது என்று எழுதினாயே, அதைப் படித்தபின் வலி குறைந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அண்ணன்


ஜூலை 2

அன்பு அண்ணிக்கு,

நான் நலம், உங்கள் நலம் அறிய வேண்டும். கடிதம் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வார்த்தையைப் பற்றி மறுபடி கேட்டிருந்தீர்கள். அது செல்லின் வகைக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். இந்த நோயில் பல வகை உண்டு.

அண்ணி, விசில் அண்ணனையும் அண்ணனையும் ஒப்பிட வேண்டாம். ஒரே குடல் என்றாலும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி போகாது. அண்ணனுக்குச் சாப்பிட முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பிறகு கொஞ்சம் கொடுங்கள். மற்றவை போனில்.

பாப்பா


ஜூலை 21

பாப்பாவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

உன் கடிதம் படித்தேன். அண்ணனைத் திட்டுகிறேன் என்று உனக்கு வருத்தம். ரத்தபாசம், இருக்கத்தான் செய்யும். ஆனால் நீ அங்கே கண்ணாடித் துண்டுகளோடு இருக்கிறாய், இங்கே அவர் வாந்தி எடுத்த பக்கெட்டைக் கழுவுகிறவள் நான். ‘விட்டுவிடுங்கள்’ என்று எழுதுவது சுலபம். விட்டால் அவர் மூன்று நாள் தண்ணீரிலேயே ஓட்டிவிடுவார்.

ஒப்பிடாமல் வேறு எதைப் பிடித்துக்கொண்டு நான் இருக்க வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அண்ணி


செப்டம்பர் 10

என் தங்கமான பாப்பாவுக்கு,

போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ பதில் போடாமலே இருந்துவிட்டாய். இன்று நல்ல சேதி, அதனால் கோபத்தை எல்லாம் மூட்டை கட்டி வை.

உன் அண்ணனுக்கு உடம்பு தேறுகிறது! யூனிபார்ம் பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் இல்லையா? நேற்று சும்மா போட்டுப் பார்க்கச் சொன்னேன். பட்டன் போட முடியவில்லை! பழைய தொப்பை அப்படியே திரும்பிவிட்டது. கையும் காலும் இன்னும் குச்சியாகத்தான் இருக்கின்றன, அது மெதுவாக வரும். “பாத்தீங்களா, நான் திட்டினதுல எவ்வளவு சதை போட்டிருக்கு” என்றேன். வயிற்றைத் தடவிக்கொண்டு, “ஆமா, உன் கைவண்ணம்” என்றார். சாப்பாடு அதிகமில்லை, நாலு வாய்க்கே நிறைந்துவிடுகிறது என்கிறார். இருந்தாலும் வயிறு போட்டிருக்கிறதே, அது போதும்.

பேன்டை லாண்டரிக்கு எடுத்து வந்து இடுப்பைப் பிரித்துத் தைத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வேலைக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று விசிலிடம் சொன்னேன். அவன் ஏனோ டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான். புது டிரைவரோடு சேர்ந்துவிட்டான் போலிருக்கிறது. முன் சீட்டு உனக்குத்தான், நினைவிருக்கட்டும்.

சந்தோஷத்தோடு,
அண்ணி


செப்டம்பர் 19

அண்ணி,

இன்று நலம் விசாரிக்காமல் எழுதுகிறேன்.

அது சதை இல்லை. வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. நாலு வாயில் நிறைவதும் அதனால்தான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஊசி வைத்து நீரை எடுத்தால் மூச்சு விடச் சுலபமாக இருக்கும். போனில் சொல்லியிருக்கலாம், ஸ்பீக்கரில் அவர் முன்னால் இதை நீங்கள் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

நீங்கள் எழுதி அனுப்பிய வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு மார்ச்சிலேயே தெரியும். அது இந்த நோயில் மோசமான வகை. விசில் அண்ணனுக்கு வந்தது அது இல்லை. பெயர்தான் ஒன்று, நோய் வேறு. வலது பக்கத்தில் ஒளிந்து வளர்ந்து, தனித்தனியாகக் கழன்று வயிறு முழுக்கப் பரவும். மருந்து அதைக் கொஞ்ச நாள் தடுத்து நிறுத்தும், அவ்வளவுதான். இனி அதுவும் கேட்காது என்று நினைக்கிறேன். அண்ணன் பிழைப்பது கஷ்டம் அண்ணி. ரொம்பக் கஷ்டம்.

அவர் மனசு விடவில்லை. அவர் சோம்பேறி இல்லை. விசில் அண்ணன் பிழைத்தது அவருடைய மனசு பெரிது என்பதால் இல்லை. இதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

என்னைத் திட்டுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

பாப்பா


அக்டோபர் 14

பாப்பா,

நீ நலமாக இரு.

நீர் எடுத்தார்கள், இரண்டு தடவை. மூச்சு பரவாயில்லை. எழுதும்போது கை கோணுகிறது, பொறுத்துக்கொள்.

நேற்று மதியம் கஞ்சியை இரண்டு ஸ்பூனோடு வைத்துவிட்டேன். வழக்கமாக இந்த இடத்தில்தான் கச்சேரி ஆரம்பிக்கும். நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவளோ, “பரவாயில்லைங்க, முடிஞ்சப்போ சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். தலையணையைச் சரி செய்தாள். இருபத்தாறு வருஷத்தில் என் தலையணையை அவள் சரி செய்ததே இல்லை.

நீ சொல்லிவிட்டாய், இல்லையா?

கோபமில்லை. வேறு வழி உனக்கு இல்லை என்று தெரியும். ஆனால் வீடு இப்போது அந்த வார்டு மாதிரி ஆகிவிட்டது. கதவைக்கூட மெதுவாகச் சாத்துகிறாள். டிப்போ ஆட்கள் வந்தால் வாசலிலேயே நிறுத்திக் குசுகுசுவென்று பேசி அனுப்புகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. இவ்வளவு நாளும் இருந்ததில்லை, இப்போது இருக்கிறது.

இனி நீ வரலாம். மறைக்க ஒன்றுமில்லை. சீக்கிரம் வா.

அண்ணன்


அக்டோபர் 25

அண்ணி,

நீங்கள் என் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. போனிலும் ‘ம்’ தவிர ஒன்றும் வரவில்லை. உங்கள் கோபம் நியாயம்.

லீவு கிடைத்துவிட்டது, நவம்பர் முதல் வாரம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனுக்கு எல்லாம் தெரியும், ஆரம்பத்திலிருந்தே. நான்தான் உங்களிடம் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்கிறீர்கள். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அவர். உங்கள் திட்டு நின்றுவிடும் என்பதற்காக. ‘திட்டு நிற்கிற அன்றைக்கு இந்த வீட்டில் நான் நோயாளி ஆகிவிடுவேன்’ என்று எனக்கு எழுதினார். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அண்ணன் ‘பயம்’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

நான் இதைக் கேட்பது அநியாயம் என்று தெரிந்தே கேட்கிறேன். அவரைத் திட்டுங்கள் அண்ணி.

பாப்பா


டிசம்பர் 12

பாசமுள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? காய்ச்சலோடு கிளம்பினாய், விட்டுவிட்டதா? நான் இருக்கிறேன். இன்று முதல் நாளாக லாண்டரிக்கு வந்தேன். மேஜை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன. பில் போடும் பெண் மட்டும் என் முகத்தைப் பார்க்காமலே துணியை வைத்துவிட்டுப் போகிறாள்.

நீ இருந்தபோது பேசவே நேரம் கிடைக்கவில்லை. எத்தனை பேர், எவ்வளவு சத்தம். அதனால் எழுதுகிறேன்.

உன் அக்டோபர் கடிதம் வந்த அன்று இங்கேயே நின்று படித்தேன். ஒரு வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டேன். என்னால் முடியாது என்றுதான் நினைத்தேன். மார்ச்சிலிருந்து தெரியாமல் திட்டியதற்கே நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. தெரிந்துகொண்டு எப்படித் திட்டுவது? சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். விளக்குகூடப் போடாமல் படுத்திருந்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “இருட்டுல என்ன பண்றீங்க? ஸ்விட்ச் போடக்கூட ஒரு ஆள் வேணுமா உங்களுக்கு? ராஜா வீட்டுப் பிள்ளையா நீங்க?” குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “வந்ததும் ஆரம்பிச்சுட்டியா” என்றார். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். நான் கிண்ணத்தோடு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் நீ வந்தாய், பார்த்தாய். வெளியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ், “இப்படி ஒரு நிலைமையில இருக்கற மனுஷனை ஏம்மா வதைக்கறீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவர் கையை ஆட்டி, “விடுங்க சிஸ்டர், அவ திட்டட்டும்” என்றார். நீ தண்ணீர் வாங்கப் போயிருந்தாய், உனக்குத் தெரியாது.

கடைசி நாள் காலையில் கண்ணைத் திறக்கவில்லை. நான் சொன்னேன், “எத்தனை மணி ஆச்சு, இன்னும் தூக்கமா? விசிலைப் பாருங்க, டூட்டிக்குக் கிளம்பிட்டான்.” உதடு அசைந்தது. சிரிப்பா வலியா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிப்படியில் பேசிக்கொள்கிறார்கள், சாகிற நேரத்திலும் புருஷனைத் திட்டினாள், ராட்சசி என்று. பேசட்டும். உன்னிடம் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நீ மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் அவரை மனசில்லாதவர் என்று அத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டேன். வேறு எதையாவது சொல்லித் திட்டியிருப்பேன். அந்த ஒன்றுதான் இன்னும் ஆறவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

யூனிபார்ம் பேன்டைப் பிரித்துப் பழையபடி இடுப்பைத் தைத்துவிட்டேன். விசிலுக்குச் சரியாக இருக்கும்.

நேற்று அவன் வந்தான். வழக்கம்போல வாசலிலேயே நின்றான். பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைத்தேன். தட்டை வைத்தேன், தொடவில்லை. “அக்கா, நான் மட்டும் எப்படிக்கா...” என்று ஆரம்பித்தான். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. “உனக்கு வந்தது வேற, அவருக்கு வந்தது வேற. அதுக்கு நீ என்ன பண்ணுவே? தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்தா வயிறு நிறையுமா? சாப்பிடுடா தடியா” என்று கத்தினேன்.

தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

உன் அண்ணி